பிடித்த கேம் சீரிஸ் ஏன் சலித்துப்போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது பாகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கொஞ்ச நேரத்துக்கு மேல் விளையாடத் தோன்றவில்லை. ஏன்?

பெரும்பாலும் காரணம் இதுதான்: கேம் என்ன கேட்கப்போகிறது என்பது, அது கேட்பதற்கு முன்பே உங்கள் கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு கோட்டையைத் தூரத்தில் பார்த்ததுமே காவலர்கள் எங்கே நிற்பார்கள், எந்தப் புதரில் ஒளியலாம், எந்த மூலையில் பெட்டி இருக்கும் என்று சொல்லிவிடுவீர்கள். போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். அதற்கு மேல் செய்வதெல்லாம் பாக்கி வேலையை முடிப்பதுதான்.

கேம் மோசமாக இருந்தால் சிக்கலே இல்லை, திட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். கிராபிக்ஸ், குரல் நடிப்பு, இசை எல்லாம் முந்தைய பாகத்தைவிட ஒரு படி மேலே இருந்தும் மனம் ஒட்டாதபோதுதான் குழப்பம். கேமில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அப்படியென்றால் குறை தன்னிடம்தான் என்று பலர் முடிவுகட்டிக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்ற பழைய புகார்தானே இது?

கிட்டத்தட்ட. ஆனால் எது ஒரே மாதிரி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

யூபிசாஃப்ட்டின் அசாசின்ஸ் கிரீட் 2007-இல் தொடங்கியது. 2009 முதல் 2015 வரை ஆண்டு தவறாமல் ஒரு பெரிய பாகம் வந்தது. மறுமலர்ச்சிக் கால இத்தாலி, கான்ஸ்டான்டினோபிள், அமெரிக்க விடுதலைப் போர், கரீபியக் கடற்கொள்ளையர்கள், பிரெஞ்சுப் புரட்சி, விக்டோரியா கால லண்டன். கண்ணுக்கு இதற்கு மேல் வித்தியாசம் காட்ட முடியாது. கைக்கு என்ன வேலை? கோபுரத்தில் ஏறு, மேப்பைத் திற, அதில் முளைத்த ஐகான்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டு, யாரையாவது பின்தொடர்ந்து ஒட்டுக்கேள், குத்து, ஓடு. ஊர் மாறியது, உடை மாறியது, நூற்றாண்டு மாறியது. விரல்கள் மட்டும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன.

இந்த வரிசையில் 2013-இன் பிளாக் ஃபிளாக்கை மட்டும் ஆட்கள் இன்னமும் ஆசையோடு பேசுவதற்குக் காரணம் கப்பல். அதற்கு முந்தைய பாகத்திலேயே கப்பல் எட்டிப்பார்த்தது என்றாலும், பிளாக் ஃபிளாக்கில்தான் அதைச் சுற்றி முழு கேமும் கட்டப்பட்டது. காற்றைப் பார்த்துப் பாய் விரிப்பது, பக்கவாட்டில் திரும்பிப் பீரங்கி சுடுவது என்று கைக்குப் புதிதாகக் கற்க ஏதோ இருந்தது.

அடுத்த ஆண்டு யூனிட்டி வந்தது. பாத்திரங்களின் முகம் மறைந்து கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதந்த படங்கள் இணையம் முழுக்கப் பரவின. நிறுவனம் சீசன் பாஸ் (பின்னால் வரும் கூடுதல் பகுதிகளுக்கு முன்கூட்டியே கட்டும் பணம்) விற்பனையை நிறுத்திவிட்டு, வாங்கியவர்களுக்கு இலவசமாக ஒரு கேம் கொடுத்துச் சமாளித்தது. சீரிஸ் சரிந்ததற்கு அந்த பக்குகளை, அதாவது நிரல் பிழைகளைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். என் கணிப்பில் அவை வெறும் சாக்கு. அத்தனை நாள் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் இருந்த சலிப்புக்கு ஒரு படம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

பழகிய விஷயம் பிடிக்கத்தானே செய்யும்? பிறகு எப்படிச் சலிக்கும்?

இரண்டும் உண்மைதான். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே அதன்மேல் ஒரு பிடிப்பை உண்டாக்கும் என்று ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் காட்டினார். பழக்கமான தொடக்க இசையைக் கேட்டதும் சிரிப்பு வருவது அதனால்தான். டேனியல் பெர்லைன் என்ற இன்னொருவர் அதற்கு ஓர் எல்லை உண்டு என்றார்: சுத்தமாகப் புதிதாக இருந்தாலும் ஈர்ப்பு குறைவு, அடியோடு பழகிவிட்டாலும் குறைவு, நடுவில்தான் உச்சம்.

வூல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் பொருத்தம். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் டோபமைன் நரம்புகள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்கைக் கண்டதும் துள்ளின. சாறு வந்தபோது சும்மா இருந்தன. ட்ரெய்லர் பார்க்கும்போது பரபரப்பாக இருந்துவிட்டு, கேம் கையில் வந்ததும் ஒன்றுமே தோன்றாதவர்களுக்கு இந்தக் குரங்கைச் சட்டென்று அடையாளம் தெரியும். ஆய்வுக்கூடக் குரங்கிலிருந்து வரவேற்பறைக்கு நேர்க்கோடு போட முடியாது, சரி. இருந்தாலும் வடிவம் ஒத்துப்போகிறது.

இந்த சீரிஸை முதல்முறையாகத்தான் விளையாடுகிறேன். அதற்குள் எப்படிச் சலிப்பு வந்தது?

அந்த சீரிஸை விளையாடாமல் இருந்திருக்கலாம். அதன் அச்சில் வார்த்த வேறு பத்து கேம்களை விளையாடியிருப்பீர்கள். கோபுரம் ஏறி மேப்பைத் திறக்கும் யோசனை 2012-இன் ஃபார் கிரை 3-இல் ரேடியோ கோபுரமாக வந்தது. 2014-இல் ஷேடோ ஆஃப் மோர்டோரிலும் கோபுரங்கள். 2015-இன் மேட் மேக்ஸில் அதுவே வெப்பக் காற்று பலூன். 2017-இன் ஹொரைசன் ஸீரோ டானில் நடமாடும் ராட்சத இயந்திரத்தின் தலையில் ஏற வேண்டும் (இது மட்டும் உண்மையிலேயே அழகு). 2018-இன் ஸ்பைடர்மேனிலும் கோபுரம் தப்பவில்லை.

அதே 2018-இல் வந்த ஃபார் கிரை 5-இன் தொடக்கத்தில் ஒரு கோபுரம் ஏறச் சொல்வார்கள். ஏறி முடித்ததும், "கவலைப்படாதே, மாவட்டம் முழுக்கக் கோபுரம் ஏறவிட மாட்டேன்" என்ற பொருளில் ஒரு பாத்திரம் சொல்லும். சொந்தப் பழக்கத்தை நிறுவனமே கிண்டலடிக்கிற நிலைமை வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒன்று வெளியிடுவதுதான் பெரிய தவறா?

தவறைப் பெரிதாக்கிக் காட்டுவது அதுதான். ஒரு பாகத்தின் பழக்கம் கையை விட்டு மறைவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

2006-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தின் கைக்குப் போன கிட்டார் ஹீரோதான் கொடுமையான உதாரணம். பிளாஸ்டிக் கிட்டாரை வைத்து வாசிக்கும் அந்த கேம் 2005-இல் வந்து உலகத்தையே ஆட்டியது. 2007-இல் வந்த மூன்றாம் பாகத்தின் விற்பனை மட்டும் 100 கோடி டாலரைத் தாண்டியது. அப்புறம் பேராசை. 2009 என்ற ஒரே ஆண்டில் ஐந்தாம் பாகம், இசைக்குழுக்களின் பெயரில் தனி கேம்கள், பேண்ட் ஹீரோ, டிஜே ஹீரோ என்று குவித்தார்கள். 2011 பிப்ரவரியில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பாட்டு ஒவ்வொன்றும் புதிதுதான், ஆனால் வண்ணப் பொத்தானை நேரம் பார்த்து அழுத்தும் வேலை ஒன்றேதான். புதுப் பாட்டு வேண்டுமென்றால் இருக்கிற கேமிலேயே இறக்கிக்கொள்ளலாமே, எதற்கு இன்னொரு பெட்டி?

ஆனால் கால் ஆஃப் டியூட்டி ஆண்டுதோறும் வருகிறதே. அது விற்கத்தானே செய்கிறது?

விற்கிறது. 2003-இல் தொடங்கி, 2005 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பாகம். ஒரே ஸ்டூடியோவால் முடியாது என்பதால் இன்ஃபினிட்டி வார்டு, டிரேயார்க், ஸ்லெட்ஜ்ஹாமர் என்று முறை வைத்து எடுக்கிறார்கள்.

2014-இலும் 2015-இலும் எதிர்காலப் போர், 2016-இல் விண்வெளிக்கே போய்விட்டார்கள். அந்த இன்ஃபினிட் வார்ஃபேரின் ட்ரெய்லருக்கு யூடியூபில் 30 லட்சத்துக்கும் மேல் டிஸ்லைக். அதே கேம்தான் அந்த ஆண்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம்! இந்த முரணை நன்றாகக் கவனிக்க வேண்டும். சலிப்பு விற்பனைக் கணக்கில் உடனே தெரியாது. நண்பர்கள் வாங்குகிறார்கள், அதனால் நாமும் வாங்குகிறோம். இல்லாவிட்டால் இரவில் கூட விளையாட ஆள் இருக்காது. அடுத்த ஆண்டு நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கே திரும்பியது. டிஸ்லைக்கைப் பார்த்துத் திரும்பியது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இந்த அளவு கேம் எடுக்க ஓராண்டு போதாது. எதிர்காலம் புளித்துப்போகும் என்று முன்பே மூக்கில் வியர்த்திருக்க வேண்டும்.

போகிமானும் இப்படித்தான். 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலெட் இரண்டிலும் காட்சி தடுமாறியது, பாத்திரங்கள் தரைக்குள் விழுந்தன. முதல் மூன்று நாளில் ஒரு கோடி பிரதிகள் போயின. சலித்தவர் ஒருவர் வெளியேறும்போது, முதல் போகிமானைப் பிடிக்கப்போகும் குழந்தைகள் இருவர் உள்ளே வருகிறார்கள். நிறுவனத்தின் பார்வையில் சலிப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை.

சலிப்பு தெரிந்தும் நிறுவனங்கள் ஏன் புதிதாக எதையும் முயல்வதில்லை?

பணம். ஒரு பெரிய கேமுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள். தெரிந்த பெயர் என்றால் குறைந்தது இத்தனை பேர் வாங்குவார்கள் என்று நிதியாண்டுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிடலாம். இதற்கு மேல் இதில் மர்மம் ஒன்றுமில்லை.

சில சீரிஸ் மட்டும் ஏன் சலிப்பதே இல்லை?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் உருப்படியான கேள்வி இதுதான். ஆட்கள் இரண்டு அணியாக மோதிச் சுடும் கவுண்டர்-ஸ்டிரைக்கின் டஸ்ட் 2 மேப் 2001-இல் வந்தது. அதே சந்து, அதே பெரிய கதவு, அதே இரண்டு குண்டு வைக்கும் இடங்கள். 20 ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அதிலேயே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், சலிப்பு என்ற பேச்சே இல்லை. கை செய்யும் வேலை கொஞ்சமும் மாறவில்லையே?

மாறவில்லை. எதிரில் நிற்பவர் மாறுகிறார். மேப்பை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பது இங்கே முதல் படி மட்டுமே; கதவுக்குப் பின்னால் நிற்பவர் என்ன நினைக்கிறார் என்பது ஒவ்வொரு சுற்றிலும் புதிய கேள்வி. சதுரங்கப் பலகையை யாரும் "போன ஆண்டும் இதே 64 கட்டம்தானே" என்று குறை சொல்வதில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற சண்டை கேம்களில் பழைய அசைவுகளை மாற்றினால்தான் ரசிகர்கள் கொதிப்பார்கள்.

ஆக, வேலை திரும்ப வருவது மட்டுமே சலிப்பைத் தருவதில்லை. விடை முழுக்கத் தெரிந்த வேலை திரும்ப வரும்போதுதான் தருகிறது. தனியாக விளையாடும் கேம்களில் விடை தீர்ந்துபோவது சீக்கிரம், அதனால் சலிப்பும் அங்கேதான் அதிகம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1986-இல் பிறந்த டிராகன் குவெஸ்ட், தனியாள் கேம், மாறாமல் இருப்பதே அதன் பெருமை. அதே நீல நிற ஸ்லைம், அதே முறை வைத்த சண்டை. ஆனால் எட்டாம் பாகம் 2004, ஒன்பது 2009, பதினொன்று 2017 (இடையில் 2012-இல் வந்த பத்து மட்டும் பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம்). இடைவெளியைப் பாருங்கள். வருடக்கணக்கில் காணாமல்போன ஒன்று மாறாமல் திரும்பி வந்தால் அது பாசம். மாதக்கணக்கில் வந்தால் நச்சரிப்பு.

மாற்றினால் "இது எங்கள் கேமே இல்லை" என்கிறார்கள், மாற்றாவிட்டால் சலிப்பு என்கிறார்கள். ரசிகர்களுக்கு என்னதான் வேண்டும்?

ரசிகர்கள் ஒரே ஆள் கிடையாது என்பது முதல் பதில். மாற்றம் கேட்பவரும், மாறியதும் கத்துபவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

சிவிலைசேஷன் சீரிஸை எடுக்கும் ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தில் ஒரு கைக்கணக்கு உண்டு: மூன்றில் ஒரு பங்கு பழையபடியே, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு முற்றிலும் புதிது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தப் பங்கைத் தொடுகிறோம் என்பதைக் கணக்கு சொல்வதில்லை. 2025 பிப்ரவரியில் ஏழாம் பாகம் வந்தபோது, யுகம் மாறினால் நீங்கள் ஆளும் நாகரிகமும் மாறிவிடும்படி வைத்திருந்தார்கள். ஒரே மக்களைக் கற்காலத்திலிருந்து விண்வெளி வரை கொண்டுபோவதுதான் இந்த சீரிஸுக்கே உயிர் என்று நினைத்தவர்களுக்கு அடிவயிற்றில் விழுந்த அடி அது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் விமர்சனங்கள் இரண்டாகப் பிளந்தன.

திகில் சீரிஸான ரெசிடென்ட் ஈவில் இதில் கெட்டிக்காரன். நிலையான கேமராவை 2005-இன் நான்காம் பாகத்தில் தூக்கிவிட்டுத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள். பிறகு ஐந்து, ஆறு என்று வெடிச்சத்தமும் கூட்டமும் கூடிக்கொண்டே போய், 2012-இன் ஆறாம் பாகத்தில் பயமே காணாமல் போனது. 2017-இல் ஏழாம் பாகம் முதல்நபர் பார்வையில், பாழடைந்த ஒரு வீட்டுக்குள் அடைத்துவிட்டது. தொடக்கத்தில் விற்பனை மெதுவாகத்தான் நகர்ந்தது, பிறகு ஒரு கோடியைத் தாண்டியது. மாறியது பார்வை. குண்டு போதாமல் கதவைத் திறக்கத் தயங்கும் அந்தக் கணம் 1996-இன் முதல் பாகத்தில் இருந்ததுதான். எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேம்கள் நீண்டுகொண்டே போவதும் காரணமா?

ஆமாம், இது பலர் நினைப்பதைவிடப் பெரிய காரணம். அசாசின்ஸ் கிரீட் 2016-இல் ஓர் ஆண்டு ஓய்வெடுத்தது. 2017-இல் பண்டைய எகிப்தில் ஆரிஜின்ஸ் வந்தபோது சண்டை முறையே புதிது, எல்லோருக்கும் மூச்சு திரும்பியது. அந்தப் புது முறையை வைத்து அடுத்தடுத்த பாகங்களைப் பெருக்க ஆரம்பித்தார்கள். 2020-இன் வால்ஹல்லாவின் கதையை மட்டும் முடிக்கவே ஐம்பது அறுபது மணி நேரம் ஆகும். முதல் இருபது மணி நேரத்தில் கை எல்லாவற்றையும் கற்றுவிடும். மீதி நேரம்? இரண்டு பாகங்களுக்கு இடையில் வர வேண்டிய சலிப்பு, ஒரே பாகத்துக்கு உள்ளேயே வந்துவிடுகிறது. 2023-இல் மிராஜை வேண்டுமென்றே சிறிதாக எடுத்ததற்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் பலர், நானும் அதில் சேர்த்தி.

முடிவே இல்லாத ஆன்லைன் கேம்களில் வரும் சலிப்பும் இதுதானா?

இல்லை, அது வேறு வகை. அங்கே களைப்பு விளையாட்டிலிருந்து வருவதில்லை, கடமையிலிருந்து வருகிறது. தினமும் உள்ளே வந்து மூன்று வேலை முடிக்க வேண்டும், பேட்டில் பாஸ் (நிலை ஏற ஏறப் பரிசு தரும் சீட்டு) காலாவதியாவதற்குள் இத்தனை நிலை ஏற வேண்டும், ஒரு வாரம் வராவிட்டால் பின்தங்கிவிடுவோம். விளையாட ஆசை இல்லாதபோதும் உள்ளே வர வைப்பதற்காகவே செய்த ஏற்பாடு இது.

டெஸ்டினி 2-இல் இன்னொரு வேதனை. 2020 நவம்பரில், 2017-இல் காசு கொடுத்து வாங்கிய முதல் கதைப் பகுதியையே கேமிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேமின் அளவு கட்டுக்கடங்காமல் போனது என்பது காரணம். காரணம் நியாயமாகவே இருக்கட்டும், திரும்பிப் போய்ப் பார்க்க முடியாத கேம்மேல் பாசம் எப்படி வளரும்?

ஆண்டுக் கால்பந்து கேம்களில் இரண்டு நோயும் சேர்ந்து வருகின்றன. 2022-இன் ஃபிஃபா 23-உடன் பழைய பெயர் முடிந்து, அடுத்த ஆண்டு முதல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி. பெயர் மாறினாலும் அல்டிமேட் டீமில் ஆண்டு முழுக்கச் சேர்த்த வீரர் அட்டைகள் அடுத்த பாகத்துக்கு நம்மோடு வராது. மறுபடி பூஜ்யத்திலிருந்து.

வயதாகிவிட்டதால்தான் எனக்கு எதுவும் பிடிக்கவில்லையோ?

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பாதி உண்மை இதுதான். வயதைவிட அனுபவம் என்று சொல்வது சரியாக இருக்கும். நூறு கேம் விளையாடியவருக்கு நூற்றொன்றாவது கேமின் விடைகள் முன்கூட்டியே தெரியும். பதினான்கு வயதுக்காரருக்கு வால்ஹல்லாதான் முதல் கோட்டை, முதல் புதர், முதல் பெட்டி. அவருடைய மகிழ்ச்சி பொய்யில்லை, உங்கள் சலிப்பும் பொய்யில்லை. நேரக் குறைவும் சேர்ந்துகொள்கிறது: நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவர், அறுபது மணி நேரக் கேமில் இரண்டு மாதம் சிக்கிக்கொள்கிறார்.

ஒரு சோதனை உண்டு. உங்களுக்கு அறவே பழக்கமில்லாத வகையில் ஒரு சின்ன கேமை எடுத்து விளையாடுங்கள்: புதிர், கட்டுமானம், ரயில் பாதை போடுவது, எதுவானாலும். அதில் நேரம் போவது தெரியவில்லை என்றால், சலித்தது கேம் என்ற பொழுதுபோக்கு இல்லை, அந்த ஒரு அச்சுதான். அதிலும் கை நகரவில்லை என்றால் காரணம் கேமுக்கு வெளியே, தூக்கத்திலோ வேலையிலோ மனநிலையிலோ இருக்கலாம். அதற்குப் புது சீரிஸ் வாங்குவது மருந்தாகாது.

கொஞ்ச நாள் இடைவெளி விட்டால் சரியாகுமா?

பலருக்கு ஆகிறது. டோனி ஹாக் ஸ்கேட்டிங் கேம்கள் 1999-இலிருந்து தொடர்ந்து வந்து தேய்ந்து, 2015-இன் ஐந்தாம் பாகத்தோடு மண்ணைக் கவ்வின. ஐந்து ஆண்டு கழித்து முதல் இரண்டு பாகங்களின் ரீமேக் வந்தபோது அதே வித்தைகளுக்கு அதே ஆட்கள் கூத்தாடினார்கள். கை மறந்திருந்தது, அதனால் மறுபடி கற்க முடிந்தது.

ஆனால் இடைவெளி விடுவதென்றால் அந்த சீரிஸின் செய்திகள், ட்ரெய்லர்கள், மற்றவர்கள் விளையாடும் வீடியோக்கள் எல்லாவற்றையும் சேர்த்து விட வேண்டும். தினமும் வீடியோ பார்த்துக்கொண்டு "ஆறு மாதமாகத் தொடவே இல்லை" என்றால் அது கணக்கில் வராது.

நடுவில் சலித்த பாகத்தை முடித்தே ஆக வேண்டுமா? அடுத்த பாகத்தின் கதை புரியாமல் போய்விடுமே?

வேண்டியதில்லை. கதைச் சுருக்கம் யூடியூபில் இருபது நிமிடத்தில் கிடைக்கும், பல சீரிஸ்களில் புது பாகமே தொடக்கத்தில் முன்கதையைச் சொல்லிவிடும். ஃபைனல் ஃபேண்டஸி போன்றவற்றில் எண்ணிட்ட பாகங்கள் பெரும்பாலும் தனித்தனி உலகம், முந்தையது தெரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது. முழு விலை கொடுத்து முதல் நாளே வாங்கியதால்தான் முடித்தாக வேண்டும் என்று தோன்றுகிறது என்றால், அடுத்த முறை பிழை திருத்தும் பேட்ச்கள் வந்து விலை இறங்கும்வரை காத்திருங்கள். அதற்குள் வாங்கும் ஆசையே போய்விட்டால் இன்னும் நல்லது, காசு மிச்சம்.